டிசைனர் உடைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடைகளைப் பிரித்துத் தைக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இடுப்பைப் பிடிக்க, கை நீளத்தைக் குறைக்க, நைந்துபோன லைனிங்கை மாற்ற என்று விலை உயர்ந்த உடைகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். கொண்டுவருபவர்கள் உடையைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்குவார்கள். பிறகு ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே கேட்பார்கள்: "இதுக்குக் கொடுத்த காசு தகுமா?" அந்தக் கேள்வியையும் அதிலிருந்து கிளைத்த மற்ற கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டிசைனர் உடை என்று எதைச் சொல்கிறோம்?

அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. விலைக் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

உச்சியில் இருப்பது ஓட் கூத்யூர். ஒருவருடைய உடலுக்கு அளவெடுத்து, பெரும்பகுதியைக் கையாலேயே தைப்பது. சார்ல்ஸ் ஃபிரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் 1858-இல் பாரிஸில் தொடங்கிய தையலகத்தை இதன் ஆரம்பமாகச் சொல்வார்கள். அதுவரை வாடிக்கையாளர் சொன்னதைத் தையல்காரர் தைத்துக் கொடுத்தார். வொர்த் தன் வடிவங்களைத் தானே முடிவு செய்து, தைத்துக் காட்டி, விற்றார். உடைக்குள் தன் பெயர்ப்பட்டையையும் வைத்துத் தைத்தார். பிரான்ஸில் 1945 முதல் ஓட் கூத்யூர் என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விதிகளுக்கு உட்பட்டு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது வகை, அதே நிறுவனங்கள் அளவு வாரியாகத் தைத்து விற்கும் ஆயத்த உடை. பிரெஞ்சு டிசைனர் இவ் சாந் லோரான் 1966-இல் பாரிஸில் ஆயத்த உடைக்கென்றே தனிக்கடை திறந்தது இதில் ஒரு பெரிய திருப்பம். கடைகளில் நாம் பார்க்கும் டிசைனர் உடைகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது, பெயரை மட்டும் சுமந்து வரும் பொருள். பாரிஸ் டிசைனர் பியர் கார்டன் தன் பெயரை நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு உரிமம் கொடுத்து விற்றார். அவற்றில் பலவற்றுக்கும் உடைக்கும் சம்பந்தமே கிடையாது. 2004-இல் புகழ்பெற்ற டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட், மலிவு உடைக் கடைகள் நடத்தும் எச் அண்ட் எம் நிறுவனத்துக்காக மலிவு விலைத் தொகுப்பு ஒன்றை வடிவமைத்தார். அதுவும் டிசைனர் உடைதான், ஆனால் விலை வேறு உலகத்து விலை.

ஆகவே "டிசைனர் உடை தகுமா" என்று கேட்பதற்கு முன், இந்த மூன்றில் எது உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

மக்கள் உண்மையில் எவ்வளவு வரை கொடுக்கிறார்கள்?

கூத்யூர் வாங்குபவர்கள் உலகம் முழுவதையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேர்தான். அவர்களை விட்டுவிடலாம். மற்றவர்களிடம் நான் பார்த்தது, ஒரே ஆளுக்குப் பல உச்சவரம்புகள் இருக்கின்றன. குளிர்கோட்டுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவர், அதே கடையில் சட்டையின் விலையைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார். கோட்டு பத்து வருடம் வரும், சட்டையின் காலர் இரண்டு வருடத்தில் நைந்துவிடும் என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கு நியாயமானதுதான்.

நியாயமில்லாத கணக்கு ஒன்றும் உண்டு. கடைசியாகப் பார்த்த விலை நம் அளவுகோலாகிவிடும். முதலில் எட்ட முடியாத விலையில் ஓர் உடையைப் பார்க்கிறோம். பக்கத்தில் அதில் பாதி விலைக்கு இன்னொன்று தொங்குகிறது. உடனே அது மலிவாகத் தெரிகிறது. வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் நினைத்திருந்த தொகையை விட அது நான்கு மடங்காக இருக்கலாம், ஆனால் அந்தத் தொகை அதற்குள் மறந்துபோயிருக்கும். அதனால்தான் கிளம்பும் முன் தொகையை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மனதில் வைத்துக்கொண்டால் போதாது, தாளில் எழுத வேண்டும்.

துணி விலை கொஞ்சம்தானே, மீதிப் பணம் எங்கே போகிறது?

துணி எப்போதும் மலிவு இல்லை. காஷ்மீர் ஆட்டின் உள்மயிரைச் சீவி எடுத்தால் ஓர் ஆட்டிடமிருந்து வருடத்துக்குச் சுமார் 150 முதல் 200 கிராம்தான் கிடைக்கும். சுத்தம் செய்யும்போது அதுவும் குறையும். ஒரு ஸ்வெட்டருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகள் தேவை. நல்ல பட்டு, நல்ல கம்பளி எல்லாமே இப்படித்தான்.

ஆனால் பொதுவாகப் பார்த்தால் நீங்கள் கேட்டது சரி. விலைச்சீட்டில் இருக்கும் தொகையில் துணியும் தையலும் சிறிய பங்குதான். பெரிய தெருவில் இருக்கும் கடையின் வாடகை, விளம்பரம், ஆடை அணிவகுப்பு, விற்காமல் தேங்கும் சரக்கின் இழப்பு, பிறகு லாபம் என்று மீதி பிரிந்துபோகிறது. இடையில் ஒரு கடைக்காரர் வாங்கி விற்றால், அவர் வாங்கிய விலையை இரண்டு மடங்கோ அதற்குச் சற்று மேலோ ஆக்கி விற்பது இந்தத் தொழிலின் சாதாரண நடைமுறை.

சிறிய டிசைனர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வடிவத்துக்குப் பேட்டர்ன் (துணி வெட்ட உதவும் தாள் அச்சு) வெட்டி, மாதிரி தைத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி தைக்கும் செலவு, 30 உடை தைத்தாலும் 30,000 உடை தைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 30 பேர் பகிர்ந்துகொள்ளும்போது தலைக்கு அதிகமாக வரும். தனியாக உழைக்கும் ஒரு டிசைனர் கேட்கும் விலையைப் பார்த்துக் கொள்ளை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நல்ல வேலைப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

உடையை உள்பக்கமாகத் திருப்புங்கள். முகப்பு எல்லா உடையிலும் அழகாகத்தான் இருக்கும்.

தையலுக்கு அப்பால் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தாராளமாக விட்டிருந்தால் உடம்பு கொஞ்சம் பருத்தாலும் பிரித்துப் பெரிதாக்கலாம். ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் இயந்திரத் தையல்) போட்டு ஓரத்தை ஒட்ட நறுக்கியிருந்தால் என்னைப் போன்றவர்களால் எதுவும் செய்ய முடியாது. கட்டம் போட்ட துணி என்றால் பக்கத் தையலிலும் பையிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? சேர வைக்க அதிகத் துணி வீணாகும், வெட்டுபவருக்கு நேரமும் ஆகும். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இங்கேதான்.

காஜாவைப் பாருங்கள். நூல் நெருக்கமாக இருக்க வேண்டும், பிசிறு நிற்கக் கூடாது. கோட்டாக இருந்தால் லைனிங்கில் முதுகு நடுவில் ஒரு மடிப்பு விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை முன்னால் நீட்டும்போதெல்லாம் லைனிங் இழுபட்டு ஒருநாள் கிழியும். அப்புறம், கோட்டின் மார்புப் பகுதி. கடைசிக் காஜாவுக்குக் கீழே துணியை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிரித்து இழுத்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால், கான்வாஸ், அதாவது கோட்டுக்கு வடிவம் கொடுக்கும் உள்துணி, வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். நழுவாவிட்டால் பசையால் ஒட்டியிருக்கலாம். ஒட்டியது எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சில சலவைகளுக்குப் பிறகு பசை விட்டு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும் கோட்டுகள் நிறைய என்னிடம் வந்திருக்கின்றன. அதைச் சரிசெய்யவே முடியாது. அவற்றில் சிலவற்றின் உள்ளே பெரிய பெயர்ப்பட்டைகள் இருந்தன.

விலை ஏறினால் வாங்குபவர் குறைய வேண்டும் அல்லவா? இங்கே ஏன் தலைகீழ்?

எல்லா உடைக்கும் தலைகீழ் இல்லை, சிலவற்றுக்கு மட்டும். பொருளியல் அறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899-லேயே இதை விளக்கினார்: செலவு செய்ய முடிகிறது என்று மற்றவருக்குத் தெரிவதே சில பொருள்களின் பயன். விலை குறைந்தால் அந்தப் பயனும் குறைந்துவிடும். 1950-இல் ஹார்வி லைபென்ஸ்டைன் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். எல்லோரும் வாங்குகிறார்கள் என்று வாங்குபவர்கள் உண்டு, எல்லோரும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதாலேயே விலகுபவர்கள் உண்டு, விலை அதிகம் என்பதற்காகவே வாங்குபவர்களும் உண்டு. ஒரே உடைக்கு இந்த மூவரும் வரிசையில் நிற்கலாம்.

பெரிய லோகோ இருந்தால் விலையும் அதிகமா?

பெரும்பாலும் நேர்மாறு. யங் ஜீ ஹான் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிறுவனத்தின் பொருள்களுக்குள்ளேயே லோகோ பெரிதாக இருப்பவை விலை குறைவாகவும், அடங்கியிருப்பவை விலை கூடுதலாகவும் இருப்பதைக் காட்டினார்கள். உச்ச விலை கொடுப்பவர் தன்னைப் போன்றவர் மட்டும் கண்டுகொண்டால் போதும் என்று நினைக்கிறார்.

ஆள் பாதி ஆடை பாதி என்கிறார்களே, விலையுயர்ந்த உடைக்கு உண்மையிலேயே மரியாதை கிடைக்குமா?

முன்பின் தெரியாதவர்களிடம் கிடைக்கும், இதை மறுத்துப் பேசுவது பொய்யாகிவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த நெலிசன், மைய்யர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வணிக வளாகத்தில் ஒரே பெண், ஒரே மாதிரி உடை. ஒருமுறை பிரபல லோகோவுடன், இன்னொரு முறை லோகோ இல்லாமல். ஒரு சிறு கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்லும்படி கேட்டபோது, லோகோ இருந்த நேரத்தில் ஒப்புக்கொண்டவர்கள் பல மடங்கு அதிகம்.

ஆனால் அது ஒரு நிமிடச் சந்திப்பு. தினமும் உங்களோடு வேலை செய்பவர் மூன்றாம் நாள் உங்கள் லோகோவைக் கவனிப்பதை நிறுத்திவிடுவார். தோளில் சரியாக உட்காரும் தோற்றமும், இஸ்திரி போட்ட மடிப்பும் மட்டும் எப்போதும் கண்ணில் படும். சாதாரண உடையை வாங்கி உடம்புக்குச் சரியாக ஆல்ட்டர் செய்து போடுபவர், பொருந்தாத டிசைனர் உடை போட்டவரை விட நன்றாகத் தெரிவார். என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் எத்தனையோ பேர் முகம் மாறுவதைப் பார்த்ததால் சொல்கிறேன்.

என் வருமானத்துக்கு எவ்வளவு செலவு செய்வது சரி?

வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று ஒரு விதியைச் சொன்னால் உங்களுக்கும் எளிது, எனக்கும் எளிது. ஆனால் இருவருக்குச் சம்பளம் ஒன்றாக இருந்தாலும் ஒருவருக்குக் கடன் இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது சரி, ஆனால் எல்லோருடைய விரலும் ஒரே அளவில் இல்லையே.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி, விலையை இரண்டாகப் பிரிப்பது. உங்களிடம் சாதாரணக் கோட்டு ஒன்று இருக்கிறது, 100 தடவை போட்டால் பழசாகிவிடும் என்று வையுங்கள். கண் வைத்திருக்கும் டிசைனர் கோட்டின் விலை அதைப் போல எட்டு மடங்கு. ஒரு தடவை அணியும் செலவு சமமாக வேண்டுமென்றால் அதை 800 தடவை போட வேண்டும். நல்ல வேலைப்பாடு உள்ள கோட்டு 200 தடவை தாங்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 300 தடவை என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் எட்டு மடங்கில் மூன்று மடங்குதான் உழைப்புக்கும் பொருளுக்குமான விலை. மீதி ஐந்து மடங்கு பெயருக்கும், அழகுக்கும், அதைப் போட்டுக்கொள்ளும் சந்தோஷத்துக்கும்.

இந்த ஐந்து மடங்கைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். அதை உற்றுப் பார்த்து, "இந்தச் சந்தோஷத்துக்கு இவ்வளவு கொடுப்பேனா?" என்று கேளுங்கள். கொடுப்பேன் என்று மனம் நிதானமாகச் சொன்னால் வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அழகுக்குச் செலவு செய்வது தவறில்லை. அழகுக்கான பணத்தை "ரொம்ப நாள் உழைக்கும்" என்ற கணக்கில் மறைத்து வைப்பதுதான் பிறகு உறுத்தும்.

அவசரத் தேவைக்கான சேமிப்பு, வாடகை, கடன் தவணை இவற்றில் எதிலிருந்தாவது எடுக்க வேண்டியிருந்தால், கணக்கே போட வேண்டாம். அது உங்களுக்கான நேரம் இல்லை.

தவணையில் வாங்கலாமா?

வேண்டாம். இருபத்தி நான்கு வயதில் ஒரு ஜாக்கெட்டைத் தவணையில் வாங்கினேன். பன்னிரண்டு மாதத் தவணை. கடைக்காரர் மாதத் தொகையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார், மொத்தத் தொகையை நானும் கேட்கவில்லை. நான்காம் மாதத்துக்குள் அதன் மேல் இருந்த ஆசை போய்விட்டது. மொத்தமாகப் போட்டது மூன்று தடவை. கடைசித் தவணை கட்டிய அன்று அலமாரியில் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய அழகான பொருளின் மேல் எனக்கே வெறுப்பு வந்தது. பணம் போனதை விட அதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

அதே தொகையை ஆறு மாதம் சேர்த்து வையுங்கள். ஆறாம் மாதமும் அந்த உடை வேண்டும் என்று தோன்றினால், அது உண்மையான ஆசை.

தள்ளுபடியில் வாங்குவது லாபமா?

பருவம் முடிந்து வரும் தள்ளுபடி நல்ல வாய்ப்புதான், ஏற்கெனவே விரும்பிய உடை கிடைத்தால். நிறுவனங்கள் குறைந்த விலையில் விற்க நடத்தும் "அவுட்லெட்" கடைகளில் மட்டும் கவனம் வேண்டும். பல நிறுவனங்கள் அந்தக் கடைகளுக்கென்றே தனியாக, வேறு துணியில், எளிய தையலில் உடை தயாரிக்கின்றன. பெரிய கடையில் தொங்கியது மிச்சமாகி இங்கே வந்திருக்கிறது என்று நினைத்து ஏமாற வேண்டாம். மேலே சொன்னபடி உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒருவர் அணிந்ததை வாங்கலாமா?

டிசைனர் உடை வாங்க ஆகச் சிறந்த வழி இதுதான் என்பது என் கருத்து. கைப்பைகளில் சில விலை இறங்காமல் நிற்கும். உடைகள் அப்படி இல்லை, கடையை விட்டு வெளியே வந்ததுமே பெரும்பாலானவை விலையில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதாவது, பெயருக்காகக் கொடுக்க வேண்டிய அந்த ஐந்து மடங்கை முதலில் வாங்கியவர் உங்களுக்காகக் கட்டிவிட்டார். 2009-இல் பிரான்ஸில் தொடங்கிய வெஸ்டியேர் கலெக்டிவ், 2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய தி ரியல்ரியல் போன்றவை இந்த விற்பனையை இணையத்தில் பெரிதாக வளர்த்தன.

வாங்கும் முன் அக்குள், காலர் மடிப்பு, முழங்கை, தொடை உள்பக்கம் ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்குங்கள். பட்டுத் துணியில் வியர்வைக் கறை போகாது. உடையில் எழுதியிருக்கும் அளவை நம்ப வேண்டாம், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது மாறும். உங்களுக்குப் பொருந்தும் உடையை டேப்பால் அளந்து, அந்த இன்ச் கணக்கோடு ஒப்பிடுங்கள். தோள் பொருந்தினால் மற்றதைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் விழாவுக்கு?

வாடகைக்கு எடுங்கள்.

போலி வாங்கினால் என்ன?

வேண்டாம். அதை யார் தைத்தார், என்ன கூலிக்கு, எந்தச் சாயத்தில் என்று கேட்க ஆளே இருக்கமாட்டார்கள். பெயர் இல்லாத நல்ல உடை அதே பணத்துக்குக் கிடைக்கும்.

விலை அதிகம் என்றால் தைத்தவருக்கும் நல்ல கூலி கிடைத்திருக்கும் அல்லவா?

கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். 2024-இல் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் குழுமத்தின் தயாரிப்பு நிறுவனம் ஒன்றையும் அர்மானி குழுமத்தின் நிறுவனம் ஒன்றையும் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதைத் தடுக்கத் தவறினார்கள் என்பது காரணம். கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பையைச் செய்து கொடுத்ததற்குப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ, தோல் முதலான மூலப்பொருள் செலவு தனி என்று அந்த வழக்கில் வெளிவந்தது. 2025 பிப்ரவரியில் இரு நிறுவனங்கள் மீதான கட்டுப்பாடும் விலக்கப்பட்டது.

அந்த 53-ஐ என்னால் மறக்க முடியவில்லை. ஊசி பிடித்த கைக்குத் தெரியும், அந்தப் பையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று. எங்கே, யாரால் தைக்கப்பட்டது என்று கடையில் கேளுங்கள். பெயரும் ஊரும் சொல்லக்கூடிய தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

விற்காத உடைகள் என்ன ஆகின்றன?

நீண்ட காலம் பல நிறுவனங்கள் அவற்றை எரித்தன. மலிவாக விற்றால் பெயரின் மதிப்பு குறைந்துவிடும் என்ற பயம். 2018-இல் பிரிட்டனின் பர்பெரி ஆடை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள பொருள்களை அழித்தது தெரியவந்து பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பிரான்ஸ் 2020-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2022 முதல் விற்காத உடைகளை அங்கே அழிக்கக் கூடாது.

என் பிள்ளை, நண்பர்கள் வைத்திருக்கும் பிராண்டுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். என்ன செய்வது?

அவளைத் திட்ட வேண்டாம். பதினான்கு வயதில் கூட்டத்தில் ஒதுக்கப்படும் வலி உண்மையானது. வருடத்துக்கு உடைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு பிராண்டு சட்டையில் முக்கால்வாசி போய்விடும் என்று அவளே கணக்குப் பார்க்கட்டும். வாங்கினால் வாங்கட்டும். மீதி மாதங்களை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்கே ஒரு வழி பிடிபடும். நடுவில் இரக்கப்பட்டு இன்னொரு தொகை கொடுத்துவிடாதீர்கள், அங்கேதான் பெற்றோர் பலர் வழுக்குகிறார்கள்.

வாங்கிவிட்டேன், ஆனால் போடவே மனம் வரவில்லை. அழுக்காகிவிடுமோ என்று பயம்.

இந்தக் கேள்வி நீங்கள் நினைப்பதை விட அதிகமாக வருகிறது. பத்திரமாக வைத்திருந்த கம்பளிக் கோட்டை ஆறு வருடம் கழித்து ஒருவர் எடுத்து வந்தார். முதுகெல்லாம் பூச்சி அரித்த ஓட்டைகள். தினமும் போட்டிருந்தால் அந்தப் பூச்சி அண்டியிருக்காது. இருட்டில் அசையாமல் தொங்கும் கம்பளியைத்தான் அது தேடும். கனமான பின்னல் உடையை ஹேங்கரில் மாட்டி வைத்தால் தோள் இழுபட்டு வடிவம் போகும், அதை மடித்துத்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியால் மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் டிரை கிளீனிங் கொடுக்க வேண்டாம், மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி ஒரு நாள் காற்றாட விட்டால் போதும்.

உபரி பட்டன் ஒன்றை உள்ளே தைத்திருப்பார்கள், முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உடையை எடுத்து வெளியே தொங்கவிடுங்கள். நாளைக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம்.